தவமணியின் லாடம்

புதிதாக வாங்கிய ரப்பர் செருப்பின் வாரை மென்று பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படியொரு சுவை அதற்கு உண்டு. கொடைக்கானலின் மார்கழிக் காலையில் பல் துலக்குவதற்காகக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டிருந்த அந்த இரண்டு இளஞ்சிவப்புத் துண்டுகளை எடுத்து மறுபடி வாய்க்குள் பொருத்தும்போது, முதலில் கம்பியின் குளிர் கடைவாய்ப் பற்களின் வேர்வரை இறங்கும். அதற்குப் பிறகுதான் அந்த ரப்பர் சுவை நாக்கின் இரண்டு ஓரங்களிலும் மெல்லப் பரவி, வாய் முழுக்க எச்சில் ஊறும். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. யாராவது என்னிடம் "உங்களுக்கு நல்ல முகவெட்டு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவைதான். அதன் பின்னாலேயே தவமணியும் வந்து நிற்பாள்.

மேல்தாடைக்கு ஒரு துண்டு, கீழ்த்தாடைக்கு ஒரு துண்டு. இரண்டிலும் கடைவாய்ப் பக்கம் சரிவாகச் சீவிய கட்டைகள் இருக்கும். வாயைச் சும்மா மூடினால் கட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். கீழ்த்தாடையைச் சற்று முன்னால் நீட்டிக் கடித்தால்தான் சரிவோடு சரிவு பொருந்தி வாய் மூடும். அப்படி ராப்பகலாக முன்னால் நீட்டியே வைத்திருந்தால், வளர்கிற வயதில் தாடை எலும்பும் அந்த இடத்துக்கே வளர்ந்து வந்து நின்றுகொள்ளும். டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். என் அம்மா "பிளேட்டு" என்றாள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதன் வளைவைப் பார்த்துவிட்டு "லாடம்" என்று பெயர் வைத்தார்கள். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரியும் குதிரைகளைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்தப் பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது.

என் அம்மா அப்போது கொடைக்கானலில் மிஷன் நடத்திய ஒரு பெண்கள் விடுதிக்கு வார்டனாக இருந்தாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். விடுதியின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளில் நாங்கள் இருவரும் இருந்தோம். விடுதிப் பிள்ளைகளோடுதான் சாப்பிடுவேன், ஜெபத்துக்கு உட்காருவேன், பள்ளிக்குப் போவேன். ஆனாலும் நான் வருவதைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வார்டன் மகள் என்றால் அப்படித்தான். அது போதாதென்று என் முகம் வேறு. எனக்குத் தாடையே கிடையாது என்பார்கள். இருந்தது, ஆனால் கீழுதட்டுக்குக் கீழே வெளியே வராமல் கழுத்தை நோக்கிச் சரிந்து உள்வாங்கி நின்றது. மேல் பற்கள் நான்கும் வாயை மூடவிடாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "கிளி" என்று கூப்பிடுவார்கள். என் பெயர் எஸ்தர் என்பது ஆசிரியர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

எங்கள் வகுப்பில் இன்னொரு கிளியும் இருந்தாள். அவள்தான் தவமணி. கிளாவரைக்காரி. கொடைக்கானலிலிருந்து பஸ் ஏறினால் பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி, ரோடு முடிகிற இடத்தில் இருக்கிற ஊர் அது. அவளுடைய அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் பூண்டுக் காடு. காய்கறி லாரியில் வந்து அவளை விடுதியில் விட்டுவிட்டுப் போவார். தவமணி அதிகம் பேசமாட்டாள். சிரிப்பு வந்தால் இடது கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பாள். வகுப்பில் எனக்கு வலப்பக்கம் உட்காருவாள். திரும்பினால் அவளுடைய பக்கவாட்டு முகம்தான் தெரியும். என் முகம் பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்பதை நான் அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்காமல் போனது என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, மலைக்குக் கீழே உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வேனில் ஆட்கள் வந்து பள்ளியில் முகாம் போட்டார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டினோம். மற்றவர்களுக்கெல்லாம் சொத்தைப் பல்தான். எங்கள் இருவரை மட்டும் ஒரு பெண் டாக்டர் தனியே நிறுத்திவைத்து, பக்கவாட்டில் திரும்பச் சொல்லி, நெற்றியிலிருந்து தாடைவரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"வெறும் எத்துப்பல்லுன்னா கம்பி கட்டிச் சரி பண்ணிரலாம்மா. இவங்க ரெண்டு பேருக்கும் கீழ்த்தாடையே பின்னாடி நிக்குது. இப்ப வளர்ற வயசு. இப்ப முன்னாடி பிடிச்சு வச்சா எலும்பும் கூடவே வளந்து வந்துரும். வளத்தி நின்னபிறகு வந்தீங்கன்னா ஆபரேஷன்தான்."

மாணவர்கள் பழகுவதற்கு இப்படிப்பட்ட பிள்ளைகள் வேண்டும் என்பதால் எல்லாமே இலவசமாகச் செய்துதருவதாகவும் சொன்னார். அம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேருக்கும் சேத்தே செஞ்சிருங்க டாக்டர். நானே கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் ஜோடியானோம். மாதம் ஒரு நாள் வெள்ளனே எழுந்து, முதல் பஸ்ஸில் அம்மா எங்களைக் கீழே கூட்டிப்போவாள். பசை மாவை வாயில் அப்பி அச்செடுத்தார்கள். சூடான மெழுகைக் கடிக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் லாடங்கள் வந்தன. சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும், தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும், பல் துலக்க மட்டும் கழற்றலாம், வெந்நீரில் கழுவக்கூடாது, தினமும் எத்தனை மணி நேரம் போட்டோம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

முதல் வாரம் கொடுமை. தாடை மூட்டு வலிக்கும். பேசினால் "ச" எல்லாம் காற்றாக வெளியேறும். கவனிக்காவிட்டால் கடைவாயில் எச்சில் வழியும். பள்ளி வாசலில் நாங்கள் நுழைந்ததுமே பையன்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "ஏலே, லாடம் அடிச்ச குதிர வருதுலே, வழி விடுங்கலே" என்று ஒருவன் சொல்ல, இரண்டு பேர் கனைப்பார்கள். நான் மூன்றாம் நாளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டேன். பள்ளிக்குத் திரும்பும் முடுக்கில், மதில் மறைவில் நின்று இரண்டையும் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துவிடுவேன். மாலையில் விடுதிக்குள் நுழைவதற்கு முன் மறுபடி மாட்டிக்கொள்வேன். இரவு விளக்கணைத்ததும் தலையணைக்கு அடியில் போய்விடும். நோட்டில் மட்டும் தினமும் இருபத்திரண்டு மணி நேரம் என்று எழுதுவேன். அம்மா அதற்குக் கீழே நம்பிக் கையெழுத்துப் போடுவாள்.

தவமணி கழற்றவே இல்லை. நான் முடுக்கில் நிற்கும்போது எனக்காகக் காத்திருந்து கூடவே நடந்து வருவாள்; அவள் வாயில் லாடம் இருக்கும். குதிரைக் கனைப்பு முழுவதும் அவளுக்கு மட்டுமே கிடைத்தது. விடுதியின் மாலை ஜெபத்தில் வேதபாடம் வாசிக்க அவள் முறை வந்த அன்று, இரண்டாவது வரியிலேயே "ச" வரிசையாக வந்து, எல்லாம் சீறிக்கொண்டு வெளியே போனது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நிறுத்தினாள், எச்சிலை விழுங்கினாள், அதே வரியை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். என் வாயிலும் அந்த நேரத்தில் அதே லாடம்தான் இருந்தது. ஆனாலும் நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

ஒரு நாள் பின்கட்டுக் குழாயடியில் பிரஷ் போட்டு லாடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளிடம் கேட்டேன், பள்ளியிலாவது கழற்றி வைத்தால் என்ன என்று. அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:

"எங்கக்காவுக்கும் இதே மூஞ்சிதான். பொண்ணு பாக்க வந்தாங்க. காப்பி குடுக்கும்போது ஒண்ணும் சொல்லல. அவ திரும்பி உள்ள போகும்போது பக்கவாட்டுல பாத்துட்டு, எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னைலருந்து அக்கா யாரு வந்தாலும் செவுத்த ஒட்டித்தான் நிக்கும். நான் அப்படி நிக்கமாட்டேன்."

நான்கு மாதம் ஓடியது. அந்த மாதம் கீழே போனபோது டாக்டர் தவமணியை நாற்காலியில் சாய்த்து, சிறிய அளவுகோலால் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்தார். முதலில் பதினொரு மில்லிமீட்டர் இருந்தது ஏழாகக் குறைந்திருந்தது. சுற்றி நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். வாயைத் திறந்தபடி படுத்திருந்த தவமணிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. கடைசியில் அவள் கன்னத்தில் தட்டி, "நல்ல பொண்ணு, இப்படியே போடணும், போய் வாய் கொப்புளிச்சுட்டு வெளிய உக்காரு" என்று மட்டும் தமிழில் சொன்னார். அவள் எழுந்து போனாள்.

பிறகு என் முறை. எனக்கு இடைவெளி அப்படியே இருந்தது. டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். எல்லா நாளும் இருபத்திரண்டு மணி நேரம். என் லாடத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"இதுல கடிச்ச தடமே இல்லையேம்மா. அந்தப் பொண்ணோடதுல பாருங்க, கட்டை தேஞ்சே போச்சு. அவளுக்குப் பிரமாதமா வந்துக்கிட்டிருக்கு. இன்னும் ஆறு மாசம் இதே மாதிரி போட்டாப் போதும்."

அம்மா வெளியே வந்து, தாழ்வாரத்தின் கோடியில் தவமணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில், "கெளாவரையிலருந்து வந்த புள்ளைக்கு இருக்கிற பொறுப்பு உனக்கில்ல. என் கையெழுத்தையே பொய்யாக்கிட்ட" என்றாள். அதோடு அன்று முழுவதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அம்மா கோபப்பட்டால் அப்படித்தான். அடி அடுத்த நாள் காலையில்தான் விழும்.

அம்மா டிக்கெட் வாங்கும் வரிசையில் நின்றபோது தவமணி என்னிடம் கேட்டாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க எஸ்தரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "ரெண்டு பேருக்கும் இன்னும் ஒண்ணுமே ஆகலையாம்."

அவள் தலையாட்டினாள். அதை அவள் நம்பாமலிருக்கக் காரணமில்லை. விடுதியில் இருந்தது குளியலறைச் சுவரில் மாட்டிய கையகலக் கண்ணாடி ஒன்றுதான். அதில் முகத்தை நேராகத்தான் பார்க்க முடியும். பக்கவாட்டில் நாம் எப்படி இருக்கிறோம் என்பது யாருக்கும் தானாகத் தெரியாது. அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் தினமும் அவளைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவள் உதடுகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்ததும், கழுத்துக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு முகவாய் மெல்ல எட்டிப்பார்த்ததும் எனக்கு டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முன் இருக்கையில் யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னால். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததுமே தவமணிக்குக் குமட்டல் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அன்றும் லாடத்தைக் கழற்றி ஒரு நீலக் கைக்குட்டையில் முடிந்து என் மடியில் வைத்தாள். "கொஞ்சம் வச்சிரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு முகம் வெளுத்துப்போய், காற்று வேண்டாம், குளிருகிறது என்று என்னை ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டு, முன் இருக்கையின் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அம்மாவும் கண்ணயர்ந்திருந்தாள்.

நான் முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு துண்டுகளும் இன்னும் ஈரமாக இருந்தன. கட்டைகளின் சரிவில் அவள் கடித்துக் கடித்து ஏற்படுத்திய தடம், நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. என் வாயிலிருந்தது இன்னும் புதுசு போல இருந்தது. என் பக்கம் பள்ளத்தாக்கு வந்தது. நான் கையை வெளியே நீட்டி விரல்களைத் திறந்தேன்.

கை நழுவிவிட்டது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு கணத்துப் புத்தி, சின்ன வயது, அம்மா மேலிருந்த கோபம் என்றெல்லாமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிச்சை அவிழ்த்ததிலிருந்து கையை நீட்டியதுவரை மூன்று வளைவுகள் கடந்தன. பள்ளம் என் பக்கம் வரட்டும் என்று நான் காத்திருந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது. காலிக் கைக்குட்டையை மடித்து அவள் பைக்குள் வைத்ததும் நினைவிருக்கிறது.

விடுதிக்கு வந்து சேர்ந்ததும், குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பிளேட்டக் குடு எஸ்தரு" என்றாள். "உன் பையிலதானே வச்சேன்" என்றேன். அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். கைக்குட்டையை உதறினாள். அம்மா வந்து நின்று, "என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள்.

தவமணி வாயைத் திறப்பதற்கு முன் நான் சொன்னேன். "தவமணி பிளேட்டத் தொலைச்சிட்டாம்மா. வாந்தி எடுக்கும்போது விழுந்திருக்கும்."

"உங்கிட்டக் குடுத்த மாதிரி இருந்துச்சே?"

"திரும்ப வாங்கிக்கிட்டா."

அம்மா தவமணியைப் பார்த்தாள். தவமணி என்னைப் பார்த்தாள். அவள் கண்களில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் போடுகிற பிள்ளையின் கண்கள் போல இருந்தன. பிறகு தரையில் சிதறிக் கிடந்த தன் பொருட்களைக் குனிந்து பொறுக்கியபடியே சொன்னாள்:

"ஆமாங்கம்மா. நான்தான் வாங்கினேன். தூக்கத்துல கை நழுவிருச்சு போல."

மூன்று நாள் கழித்து அவள் அப்பா காய்கறி லாரியில் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதி முற்றத்தில் நின்றார். அடுத்த மாதம் கூட்டிப்போய் மறுபடி அச்செடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம், டாக்டர் நல்லவர், ஒன்றும் சொல்லமாட்டார் என்று அம்மா சொன்னாள். டாக்டர் அளந்து சொன்னதை மட்டும் அவள் எடுக்கவில்லை; எடுத்தால் என் நோட்டுப் பொய்யும் கூடவே வெளியே வந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"வேணாம்ங்க வார்டனம்மா. இனாமாச் செஞ்சு குடுத்தத ரோட்டுல போட்டுட்டு, மறுபடியும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயிக் கேக்குறதுங்க? எலும்பு நகரும்னு சொல்றதுலயும் எனக்கு அம்புட்டா நம்பிக்கையில்லங்க. ஆண்டவன் குடுத்த மூஞ்சி. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு மகளிடம் திரும்பி, "ஏ புள்ள, இங்கன நிக்காத. வெரசாப் போயிப் படி. எனக்கு அங்கன சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அவர் முற்றத்தைக் கடந்து, கேட்டைத் திறந்து, லாரியில் ஏறும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அம்மா அடித்திருப்பாள். தவமணிக்குப் புது லாடம் கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் என்னுடையதைக் கழற்றவே இல்லை. மனம் திருந்தி அப்படிச் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். வெறும் பயம்தான். அடுத்த முறையும் தடம் இல்லாமல் போனால் டாக்டர் துருவிக் கேட்பார், ஒன்றைக் கேட்டால் இன்னொன்றும் வெளியே வந்துவிடும் என்ற பயம். பள்ளியிலும் போட்டேன், தூக்கத்திலும் போட்டேன். பையன்களின் கனைப்பு தவமணியிடமிருந்து எனக்கு மாறியது; சில வாரங்களில் அவர்களுக்கே அலுத்துப்போய் நின்றுவிட்டது. எட்டு மாதத்தில் என் தாடை முன்னால் வந்து நின்றது. டாக்டர் என்னைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்து, பழைய படத்தோடு சேர்த்து வைத்து அம்மாவுக்குக் காட்டினார். "அந்த இன்னொரு பொண்ணு ஏம்மா வரவே இல்ல?" என்று கேட்டார். அம்மா விஷயத்தைச் சொன்னதும், "அடடா, உங்க பொண்ணுக்கு முந்தி அவளுக்குத்தான் முடிஞ்சிருக்கணும்" என்றார்.

தவமணி அந்த வருடம் முழுவதும் எனக்கு வலப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். லாடத்தை நிறுத்தியதும் அவள் முகவாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்குப் போனது. அதையும் பக்கவாட்டில் பார்த்தது நான் மட்டும்தான். அவள் என்னோடு சண்டை போடவில்லை. முன்பு பேசியது போலவே கொஞ்சமாகப் பேசினாள். அடுத்த ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. ஊர்ப்பக்கமே படிக்க வைத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை நல்லபடியாகவே நடந்தது. படித்தேன். ஆசிரியையானேன். இப்போது கன்னிவாடியில் ஓர் அரசுப் பள்ளியில் வேலை. என் கல்யாணத்தில் படம் எடுக்க வந்தவர் "சைடு போஸ் உங்களுக்கு நல்லா இருக்கு மேடம்" என்று மூன்று நான்கு முறை என்னைத் திரும்பச் சொன்னார். ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் இன்றும் வேகமாகப் புரட்டிவிடுவேன். அம்மா ஆறு வருடங்களுக்கு முன் இறந்தாள். கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. அந்த விடுதியும் இப்போது இல்லை. கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஜெபக் கூடத்தைத் தடுத்து அறைகளாக்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குழாயடி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் நாலைந்து பேர் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறார்கள். ரப்பர் வளையங்களுக்கு நீலம் வேண்டும், ஊதா வேண்டும் என்று நிறம் கேட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கிறார்கள். மதில் மறைவில் நின்று கழற்றுகிற பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

சென்ற தேர்தலில் எனக்குக் கிளாவரையில் வாக்குச்சாவடிப் பணி விழுந்தது. முந்தின நாள் கையில் கொடுத்த உத்தரவில் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று வண்டி ஏறும்வரை யோசித்தேன். போனேன். விரலில் மை வைக்கிற வேலை எனக்கு. காலையில் பதினோரு மணி வாக்கில், மேசைக்கு முன்னால் ஓர் இடது கை நீண்டது. மண் ஏறிய நகம், பூண்டு வாசனை. மையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எஸ்தருதானே நீ?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உடனே இடது கை வாயை மூடியது. காயாத மை மேலுதட்டில் கோடாக இழுத்துக்கொண்டது. அது அவளுக்குத் தெரியவில்லை. துடைத்துவிட எனக்குக் கை வரவில்லை.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பக்கத்து அலுவலரிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன். வேப்பம்பலகைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பிள்ளைகள், மூத்தவன் திண்டுக்கல்லில் படிக்கிறான், அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், பூண்டுக் காட்டை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள், ஊர்ப் பெண்கள் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறாள். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அவள் குறைபட்டுக்கொள்கிற ஆள் இல்லை. பேசிக்கொண்டே என் முகத்தைப் பார்த்து, "உனக்கு நல்லா வந்துருச்சுல்ல" என்றாள். அதில் கள்ளம் எதுவும் இல்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தவமணி, அன்னைக்கு பஸ்ல உன் பிளேட்டு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், விடு" என்றாள் அவள். "நீ தூங்கிட்ட, கை நழுவி விட்டுட்ட. பயத்துல கைக்குட்டைய மட்டும் மடிச்சு வச்சிட்ட. அன்னைக்கே நெனச்சேன். சொன்னா உங்கம்மா உன்னையத் தோலை உரிச்சிருவாங்க. என்னைய ஊரான் புள்ளன்னு அடிக்கமாட்டாங்க. அதான் நான் எடுத்துக்கிட்டேன்."

"நழுவல" என்றேன். "நான் தூங்கல. நான்தான் வெளிய போட்டேன்."

அவள் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்ததும் நிறுத்தி, பிளாஸ்கை மூடினாள்.

"ஏன்?"

"உனக்குத் தாடை முன்னால வந்துக்கிட்டிருந்துச்சு. எனக்கு வரல. டாக்டர் அதச் சொன்னதும் எனக்குப் பொறுக்கல. உங்கிட்ட ஒண்ணும் ஆகலையாம்னு சொன்னதும் பொய்தான்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்றும் நினைத்தேன். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:

"எனக்கு வந்துக்கிட்டா இருந்துச்சு?"

நான் தலையாட்டினேன்.

"எங்கப்பா எலும்பெல்லாம் எங்கயும் நகராதுன்னே சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். தொலையாம இருந்திருந்தாலும் நம்ம மூஞ்சிக்கு அது வந்திருக்காதுன்னு. உனக்கு வந்ததுகூட நீ டவுன் புள்ள, உன் எலும்பு வேறன்னு." பிறகு, "எம்புட்டு வந்திருந்துச்சு?" என்றாள்.

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, நாலு மில்லிமீட்டர் இருக்கும்படி மெல்லப் பிரித்துக் காட்டினேன். அவள் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு அரிசி கிடக்கிற இடம். "டீயக் குடி, ஆறிரப் போகுது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பூண்டு காயப்போட்டிருப்பதாகவும், மேகம் இறங்குவதாகவும் சொன்னாள். போகும்போது அவள் முகத்தில் என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். உண்மையில் நான் கேட்கவே இல்லை, சொன்னேன், அவ்வளவுதான். இருபது வருடமாகத் தனக்கு ஒன்றும் போய்விடவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவளிடம், போனது இவ்வளவு என்று அளந்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வளர்கிற வயதை இனி எந்த டாக்டராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

மாலை ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, இயந்திரங்களுக்கு முத்திரை வைத்து, போலீஸ் துணையோடு வண்டி கிளம்பியபோது மலை மேல் கடைசி வெளிச்சம் மிச்சமிருந்தது. ஊர் எல்லையில் அவள் வீடு. சாணம் மெழுகிய களத்தில் பூண்டை அள்ளி முடித்துவிட்டு, ரோட்டுக்குப் பக்கவாட்டாக, மலையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. வலது கையின் இரண்டு விரல்களைக் காதுக்குக் கீழே வைத்து, தாடை எலும்பை ஒட்டி மெல்ல முன்னால் கொண்டுவந்து, அது முடிகிற இடத்தில் நிறுத்தினாள். மறுபடியும் காதிலிருந்து ஆரம்பித்தாள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.